ஆளா, பொட்டா

அம்பகாமத்துக் காட்டில் எங்களுக்குக்
காலை ஆறரைக்கு வேலை தொடங்கும்.
இரண்டு மணிக்கு மேல் வெயிலில்
கருவியின் சத்தத்தை நம்ப முடியாது என்பார்கள்.
உண்மையில் காதைத்தான் நம்ப முடியாது.

இரவு, முகாமில், ஜெனரேட்டர் நிற்கும்வரை
நானும் சுதாமதியும் போனில் சுடுவோம்.

நூறு பேர் குதிக்கிற தீவில்
நாற்பதுதான் ஆள். மிச்சமெல்லாம் பொட்,
நாங்கள் வென்று சந்தோசப்படட்டும் என்று
கம்பனி இறக்கிவிட்டது.
"பேரைப் பாத்து ஏமாறாதை" என்பாள்.
"அதுகளுக்கும் பேர் இருக்கு, பிறந்த வருசமும் இருக்கு."

பொட் மாடிப்படியில் திகைத்து நிற்கும்.
சுட்டால், தெருவில் கடன்காரன் கூப்பிட்டதுபோல
மெதுவாகத்தான் திரும்பும்.
வெட்டவெளியில் நேரே ஓடிவரும்,
செத்தவனின் பையைத் திறந்தும் பாராது.
ஆள் என்றால் பற்றைக்குள் படுத்திருப்பான்.
காரணமில்லாமல் துள்ளுவான்.
கதவைத் திறந்து, பயந்து, திரும்பச் சாத்துவான்;
அந்தச் சாத்துதலில்தான் பிடிபடுவான்.

போன வியாழன் கடைசி ஏழு பேரில் நானும் ஒருத்தி.
பின்னால் இரண்டு பேர். தமிழ்.
என் மைக் எப்போதும் மூடித்தான் இருக்கும்,
பெண்குரல் கேட்டால் விளையாட்டே வேறாகிவிடும்.

"சுடாதையடா, இது பொட்.
பார், வாகனத் தடத்தை விட்டு இறங்குதே இல்லை.
மூண்டு அடி போகுது, நிக்குது.
மூண்டு அடி போகுது, நிக்குது.
நிலத்தை என்னத்துக்குப் பாக்குது?"

அவன் சொன்னது சரி.
ஓரத்தில் முழங்காலளவு பச்சைப்புல்,
இறங்கியிருந்தால் ஒளித்திருக்கலாம்.
அந்தத் தீவில் யாரும் எதையும் புதைக்கவில்லை.
எனக்குத் தெரியும்.
என் பெருவிரலுக்குத் தெரியாது.

ஒரு மீற்றர் அகலத்தில் ஒரு பாதை,
முன்னால் சிவப்புத் தடி, பின்னால் வெள்ளைத் தடி,
முழங்காலில் நின்று நாளுக்கு எட்டுச் சதுர மீற்றர்,
ஆறு வருசம்.
சம்பள உயர்வுக்கான கடிதத்தில்
மேற்பார்வையாளர் எழுதியிருந்தார்:
"இயந்திரம் போல வேலை செய்பவர்."
அதை லமினேட் பண்ணி வைத்திருக்கிறேன்.

"நல்ல வடிவாப் போகுதடா, விடு, பாப்பம்"
என்று சிரித்துக்கொண்டு வந்தார்கள்.
பேசாமல் போயிருந்தால்
மூன்றாம் இடமாவது கிடைத்திருக்கும்.
என்ன பிடித்ததோ தெரியாது.
தடத்தின் நடுவில் நின்று துள்ளினேன்.
ஒருதரம். பிறகு இன்னொருதரம்.

"ஐயோ, ஆளடா!"

இரண்டு பேரும் சேர்ந்தே சுட்டார்கள்.

சுதாமதி பாயில் உருண்டு உருண்டு சிரித்தாள்.
"ஆள் எண்டு காட்டினா விடுவாங்களே, விசரி?"
பிறகு ஜெனரேட்டர் நின்றது.
அவளும் சிரிப்பதை நிறுத்தினாள்.
இருட்டில் கொஞ்ச நேரம் போனின் வெளிச்சம்,
அதில் என் பெட்டி, அதைக் கிளறும் இரண்டு முதுகுகள்.

வெள்ளிக்கிழமை காலை.
அங்கி, முகக்கவசம், கையெழுத்து.
அவளுடைய பாதை எனதிலிருந்து இருபத்தைந்து மீற்றர்.
எல்லாரும் குனிந்திருந்தோம்.
எந்தக் கருவியும் கத்தவில்லை.
எதற்கோ தலையை நிமிர்த்தினேன்.

வெள்ளைத் தடிகளுக்கு நடுவில்,
போன மாதமே துப்புரவாக்கிய நிலத்தில் நின்று
சுதாமதி என்னைப் பார்த்துத்
துள்ளினாள்.

விசில் ஊதினார்கள்.
அவளுக்கு அரைநாள் சம்பளம் வெட்டு.
கவசத்துக்குள் என் மூச்சு படிந்து
எனக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை.
தெரியும்வரை அசையக்கூடாது.
முழங்காலிலேயே இருந்தேன்.