தேவையான அளவு

உப்பைப் பிரிக்கும் ஆலையில் எனக்கு வேலை.
சோஹார் கடல் உள்ளே வரும்,
குடிநீர் வெளியே போகும்,
நடுவில் நான், ஒரு கண்ணாடிக் குழாயோடு.
குளோரின் பூஜ்யம் புள்ளி மூன்று.
நான்கானால் ஃபோன் அடிக்கும்.

அப்படிப்பட்டவளிடம்
மேல்வீட்டு கிராட்சியெல்லா
மின்கட்டண ரசீதின் முதுகில் எழுதித் தந்தாள்:
மாவு இருநூற்றைம்பது, முட்டை இரண்டு,
பாதாம் நூறு, சர்க்கரை நூற்றைம்பது,
சோம்பு க்யூ.பி.
ஆலிவ் எண்ணெய் க்யூ.பி.
உப்பு க்யூ.பி.

எங்களுக்குள் பொதுவாக நாற்பது ஆங்கிலச் சொற்கள்,
அதில் பத்து காய்கறி.
கேட்கக் கூச்சம்.
பேக்கிங் சோடா மாதிரி ஏதோ பொடி என்று நினைத்து
கீழ்க்கடை ஷம்சீரிடம் கேட்டேன்.
ஏணி போட்டுத் தேடினான்.
"க்யூ.பி. இப்போ ஸ்டாக் இல்ல சேச்சி,
ஞாயித்துக்கிழமை மஸ்கட் வண்டியில வரும்."

ஞாயிறு வந்தது. க்யூ.பி. வரவில்லை.

மாடிப்படியில் அவளை மறித்துக் கேட்டேன்.
படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.
குவான்தோ பாஸ்தா, என்றாள்.
உள்ளங்கையைக் குழித்தாள், விரித்தாள்,
தோளைத் தூக்கினாள்,
போதும்போது போதும் என்பதுபோல்.

அடப்பாவி.
இதையேதான் எங்களூர்ச் சமையல் குறிப்பெல்லாம்
கடைசி வரியில் ஒளித்து வைத்திருந்தது!
உப்பு, தேவையான அளவு.
யாருக்குத் தேவை, எவ்வளவு தேவை
என்று ஒருவரும் சொல்லாத கோபத்தில்தான்
நான் வேதியியலுக்கே ஓடினேன்.
நாசரேத்திலிருந்து சோஹார் வரை துரத்தி வந்து
இத்தாலிய வேஷம் கட்டி
ரசீதின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது.

அருமைநாதனுக்குச் சர்க்கரை.
மூன்று மாதச் சராசரி எட்டு புள்ளி ஒன்று.
ஆகவே நூற்றைம்பது கிராமை அடித்துவிட்டேன்.
மைதாவுக்குப் பதில் கோதுமை ஆட்டா.
இனிப்புக்கு ஃபர்து பேரீச்சை, கொட்டை நீக்கி அரைத்தது;
அதிலும் இருப்பது சர்க்கரைதான், தெரியும்,
எழுபதோடு நிறுத்தினேன்.
பாதாம் தோலோடு.
அதுவரை தராசு என் பக்கம்.

பிறகு எண்ணெய்.
ஆட்டாவுக்குத் தாகம் அதிகம்,
எவ்வளவு என்று எந்த அட்டவணையும் சொல்வதில்லை.
ஊற்றினேன், பிசைந்தேன், விரிசல் விட்டது.
ஊற்றினேன், ஒட்டியது.
ஒரு கட்டத்தில் மாவு தானே கையை விட்டது,
கோபம் தீர்ந்த குழந்தை மடியிலிருந்து இறங்குவதுபோல்.

எத்தனை கிராம் என்று குறிக்கத் திரும்பினேன்.
தராசு தானாக அணைந்துபோயிருந்தது.

இரண்டு கட்டைகளாக உருட்டி ஓவனில்.
வெளியே நாற்பத்தாறு டிகிரி, உள்ளே நூற்றெழுபது,
நடுவில் பாவம் ஏசி.
எடுத்து, வெதுவெதுப்பு போகும் முன்
சாய்வாக அறுக்க வேண்டும்.
பொறுமையில்லாமல் முதல் கட்டையை நொறுக்கினேன்,
நொறுங்கியதை நின்றபடியே தின்றேன்.
இரண்டாவது சொன்னபடி கேட்டது.
மறுபடி ஓவன், பதினைந்து நிமிடம்.
இரண்டு தரம் வேகாவிட்டால் அது வெறும் ரொட்டியாம்.

வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து வந்தவர்
கடித்த சத்தம் எனக்கு அடுக்களையில் கேட்டது.
"பாலம் கட்டவா?" என்றார்.
கட்டன் சாயாவில் முக்கி மறுபடி கடித்தார்.
அப்புறம் பேச்சில்லை.
மூன்றாவதை எடுக்கையில் நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
வைத்துவிட்டார், பாதியை.

மேலே கொண்டுபோனேன்.
கிராட்சியெல்லா மோந்தாள், புருவம் சுருக்கினாள்.
பேரீச்சை? ஆட்டா?
இது பிஸ்கோட்டி இல்லை, என்று கறாராகச் சொல்லி
ஆறு எடுத்துக்கொண்டாள்.

நேற்று தயிர் வாங்கக் கீழே போனேன்.
"சேச்சி, அந்த க்யூ.பி. கிடைச்சுதா?"
கிடைச்சுது, என்றேன்.
ஷம்சீர் ஆர்டர் நோட்டைத் திறந்தான்,
காதிலிருந்து பேனாவை எடுத்தான்.
"எந்தக் கம்பெனி?"