இடாப்பு

இரசாயன ஆய்வுகூடத்து வாங்குகளை அடுக்கி
ஒலிம்பஸ் மலை கட்டினோம்.
மேகத்துக்கு ஒரு பழைய கூடாரச் சீலை,
நிவாரண எழுத்துகள் தெரியாமல்
மறுபக்கம் திருப்பி.

விதி ஒன்றுதான்:
நடுவர்கள் எதைக் கேட்டாலும்
கடவுளாகவே பதில் சொல்லவேண்டும்.
பாத்திரத்தை விட்டு இறங்கினால் ஐந்து புள்ளி போகும்.

சியூஸ் எங்கள் கோபிதா.
பஞ்சுத் தாடி வியர்வையில் ஒரு பக்கம் கழன்று தொங்க,
இத்தனை மனைவியர் ஏன் என்று கேட்டதற்கு
"அது ஹீராவின் நேரத்தில் விளங்கப்படுத்தப்படும்" என்றாள்.
ஹீரா முறைத்த முறைப்பு நடிப்பில்லை,
ஒரு கிழமையாய் இரண்டு பேருக்கும் கதை இல்லை.

யாழ்ப்பாணம் முழுக்கத் தேடியும்
ஒரு யாழ் கிடைக்கவில்லை.
அப்பொலோ பட்மின்டன் மட்டையை மீட்டினாள்.

பொசைடன், குருநகர் ஜெனோபா.
சூலத்துக்குப் பதிலாய் வீட்டிலிருந்து மண்டா கொண்டுவந்தாள்.
கூர் உண்மைக் கூர். அதில் காய்ந்திருந்த உப்பும் உண்மை.
வலயக் கல்விக் கந்தோர் நடுவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
"கடலரசரே, மீன் விலை ஏன் இப்படி?" என்றார்.
"என்ரை கடலுக்குள்ளை ஆர் இழுவைமடி விடுகினம் எண்டு
முதல்லை உங்கடை கடவுள்மாரைக் கேளுங்கோ."
மண்டபம் கைதட்டியது.
கைதட்டல் ஓய்ந்தபின்
அவர் எதையோ அழித்து எழுதினார்.

நான் ஹெர்மிஸ்.
பாட்டா செருப்பில் கொக்கிறகு ஒட்டியிருந்தேன்.
இடதுகால் இறகு மேடையேற முன்னமே போய்விட்டது.
தூதன், கள்ளருக்குக் காவல், வழிப்போக்கருக்குத் துணை.
இறந்தவரைக் கீழே கூட்டிப்போவதும் என் தொழில்தான்.
மூன்று நிமிடத்துக்குள் அடங்காததால்
அந்த வரியை நானே வெட்டியிருந்தேன்.

கடைசியாய் மாதுமை.
சபரிமலைக்குப் போய்வந்த மாமாவின் கறுப்பு வேட்டி,
கையில் ஒரு சீ.ஆர். கொப்பி.
"நான் ஹேடிஸ்.
வந்தவர் பெயரெல்லாம் இதில் உண்டு.
பதியாமல் ஒருவரும் உள்ளே வருவதில்லை."

நடுவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த
கன்ரீன் யோகராணியக்கா
தட்டத்தோடு நடுவழியில் நின்றுவிட்டா.
"பிள்ளை" என்றா.
பிறகு, "ஐயா" என்றா.
"செல்லத்துரை நிரோஜன். பதினேழு வயசு.
உங்கடை இடாப்பிலை கிடக்கோ?"

கேள்வி கேட்பவர்களின் பட்டியலில் அவவின் பெயர் இல்லை.
ரீச்சரின் கை மணியை நோக்கிப் போய்
மணிக்கு மேலேயே நின்றது.
மாதுமை பிறக்க முன்னமே தொலைந்த பெயர் அது.

அவள் இறங்கவில்லை.
கொப்பியைத் திறந்தாள்.
எனக்குத் தெரியும், உள்ளே அமிலமும் காரமும்தான்.
வரிவரியாய் விரலோட்டினாள்.
சில இடங்களில் நின்றாள், கிட்டப் பார்த்தாள்.
பின்மட்டை வரை போய்
திரும்பவும் முதற் பக்கத்திலிருந்து.
மூன்று நிமிடம் தாண்டியதை
மணிக்கூடு வைத்திருந்தவளும் சொல்லவில்லை.

"இஞ்சை வரேல்லை, அம்மா."

யோகராணியக்கா தலையாட்டினா,
கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று சொன்னால்
ஆட்டுகிற மாதிரி.
மூன்று கோப்பையும் மேசைக்குப் போயின.
ஒரு சொட்டும் சிந்தவில்லை.

முதற் பரிசு அதீனாவுக்கு.
அவளின் காட்போட் ஆந்தை
நல்லாய்த்தான் இருந்தது.

அடுத்தநாள் இடைவேளைக்கு
மாதுமையிடம் இரண்டு றோல் சுற்றிக் கொடுத்து
காசு வேண்டாம் என்றா யோகராணியக்கா.
மாதுமை கேட்கவில்லை.
பத்து ரூபாக் குற்றிகளை
ஒவ்வொன்றாய் மேசையில் எண்ணி வைத்து,
அந்தக் கை வந்து அள்ளும் வரை நின்றாள்.
வரிசையில் அவளுக்குப் பின்னால் நான்,
அதே செருப்போடு,
பசை இன்னும் குதிக்காலில் பிசுபிசுக்க.