உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவைக்கவும்

முதல் வருஷம் பையைத் திறந்தபோது
ரோஹாயு மூக்கைப் பொத்திக்கொண்டாள்.
பெட்ரோல், கருகிய ரப்பர், ஆம்பளை வியர்வை.
சிப்பாங்கில் பன்னிரண்டு மணி நேரம் ஓடிய கார்
பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சலவைக் கடைக்குள்
நீல அங்கியாக வந்து கிடந்தது.

இடுப்பு வாரில் தைத்த பெயர்: ஆர். ஃபேன்ஸ்ட்ரா.
பக்கத்தில் சிவப்பு, வெள்ளை, நீலக் கொடி.
அதற்கும் பக்கத்தில், ஓ பாசிட்டிவ்.
இருபது வருஷத்தில் எந்தச் சட்டையும்
தன் ரத்தம் என்னவென்று என்னிடம் சொன்னதில்லை.

மலாக்காவுக்குக் கப்பலில் வந்த ஒல்லாந்தரை
ஐந்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்திருக்கிறேன்,
ஆண்டோடு, கோட்டையோடு.
இவர் டாக்சியில் வந்தார்,
ரசீதைத் தொலைத்துவிட்டு.

பிளீச் கூடாது. வாசனைத் திரவம் கூடாது.
தீக்கு ஈடுகொடுக்கிற துணி;
மணக்கவேண்டுமென்று ஆசைப்பட்டால்
காப்பாற்றுகிற குணம் போய்விடும்.
கழுத்துப் பட்டையில் போட்டிருந்தது,
நாலு பாஷையில், தமிழ் தவிர.

இரண்டாம் வருஷம் எறும்பு வந்தது.
கூடையிலிருந்து இஸ்திரி மேசைவரை சாரை சாரையாய்.
தோளெல்லாம் காய்ந்த ஷாம்பெய்ன்.
ஜெயித்தீர்களா என்று கேட்டேன்.
"ஜெயித்தோம்" என்றார்.
ஒரு காருக்கு மூன்று பேராம்.
முதல் ஆள் புறப்படுவான், ஊரே பார்க்கும்.
கடைசி ஆள் கொடிக்குக் கீழே பாய்வான், படம் அவனுக்கு.
இவர் நடு ஆள்.
சாயங்கால மழை, அப்புறம் இருட்டு,
அப்புறம் கதவைத் திறந்து குதித்து
அடுத்தவனுக்கு வாரை இழுத்துக் கட்டிவிட்டு
சுவரோரம் உட்கார்ந்து
தலையில் ஒரு போத்தல் தண்ணீர்.
பதினாறு வருஷம் இதுதான் வேலை என்றார்,
கிளார்க் வேலையைச் சொல்வதுபோல.

மூன்றாம் வருஷம் எறும்பு இல்லை.
வெள்ளைத் தூள், தீயணைக்கிற தூள்,
மூன்று தடவை அலசியும் தையலுக்குள் இருந்தது.
மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தார்.
நான் கேட்கவில்லை.

மார்பிலிருந்த எண்ணெய்க் கம்பெனி
அடுத்த தடவை காணோம்.
அந்த இடத்தில் ஒரு ஓட்டல். பிறகு ஒரு பல் டாக்டர்.
பல் டாக்டர்தான் காரின் முதலாளி, அவரும் ஓட்டுவாராம்.
பகலில் அவர் தொலைக்கிற நிமிஷங்களை
ராத்திரியில் இவர் தேடி எடுக்க வேண்டும்.
சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.
அங்கி இடுப்பில் இறுகியிருந்தது,
தையலை அரை அங்குலம் விட்டுக் கொடுத்தேன்.

பிறகு ஊரே பூட்டிக் கிடந்த வருஷங்கள்.

இந்த முறை பை இல்லை.
மடித்துக் கையிலேயே கொண்டுவந்தார்.
"பெயரைப் பிரித்துவிட முடியுமா?
டீமில் ஒரு பையன், என் அளவுதான்."
கொடி?
"அவன் பெல்ஜியம்காரன். எடுத்துவிடு."
ரத்தம்?
இதை அவர் யோசித்திருக்கவில்லை.
போனை எடுத்தார், அவர்கள் பாஷையில் கேட்டார்,
நெடுநேரம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.
"அதுவும் அதேதான். இருக்கட்டும்."

ஊசியால் ஒவ்வொரு எழுத்தாக.
பெயர் இருந்த இடத்தில் மட்டும்
நீலம் புத்தம்புதுசாக இருந்தது.
வெயிலில் போட்டால் ஒன்றாகிவிடும் என்றேன்.
பதினெட்டு ரிங்கிட் கொடுத்தார்.
சில்லறை வேண்டாம் என்றார், நான் கொடுத்தேன்.

வெளியே போனவருக்கு
தம்பிப்பிள்ளை சாலையைக் கடக்கத் தெரியவில்லை.
அவர் இடப்பக்கமே பார்க்கிறார்,
வண்டிகள் வலப்பக்கமிருந்து வருகின்றன.
ஒரு மோட்டார் சைக்கிள் திட்டிவிட்டுப் போனது.
மேசை துடைத்த மஞ்சள் துணி கையில் இருக்க
இறங்கிப் போய் அதை உயர்த்தி ஆட்டினேன்.
லாரி ஒன்று வேகத்தைக் குறைத்தது,
அதன் பின்னால் எல்லாமே.

நடு ரோட்டில் நின்று
அந்தத் துணியைப் பார்த்துப் பார்த்து
கண்ணில் நீர் வர அந்த மனிதர் சிரித்தார்.
துடைக்கிற துணிதானே,
அதில் என்ன இருக்கிறது.