எலுமிச்சை நசுங்கும் சத்தம்

கொப்புடையம்மன் கோயில் வாசலில்
நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சை வைத்துவிட்டு
குருக்கள் சொன்னார்: ஸ்டார்ட் பண்ணுங்க.
பண்ணியாச்சு சாமி, என்றேன்.
குனிந்து பானெட்டில் காது வைத்துப் பார்த்தார்.
பூ விற்கிறவள் சிரித்தாள்.
அப்புறம் வண்டி நகர்ந்தது.
புது வண்டி போட்ட முதல் சத்தம்
எலுமிச்சை நசுங்கிய சத்தம்.

கடையில் பெயிண்ட் வாளிகளுக்கு நடுவே
மூன்று ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்கு இது.
சாதாரண பெட்ரோல் வண்டியைவிட நாலே கால் லட்சம் கூடுதல்.
லிட்டருக்கு இருபத்து மூன்று ஓடினால்
போட்ட காசு கைக்குத் திரும்ப
ஒன்பது வருஷம் ஏழு மாசம்.
பேட்டரிக்கு வாரண்டி எட்டு வருஷம்.
நடுவில் கிடக்கிற அந்த ஒன்றரை வருஷத்துக்கு
யார் பொறுப்பு என்று உமையாள் கேட்கவில்லை.
காபி டம்ளரைக் கொஞ்சம் அழுத்தி வைத்தாள்.

எங்க செருகுவீக? என்றார்கள் டீக்கடையில்.
செருக வேண்டாம்.
அப்ப கரண்ட்டு?
பிரேக் போட்டா வரும்.
கல்லுக்கட்டியில் பாதிப்பேர் நம்பவில்லை.
மீதிப்பேர் வட்டிக்கடைக்காரர்கள்,
உடனே புரிந்துகொண்டார்கள்.

உண்மையும் அதுதான்.
பெரியார் சிலைப் பக்கம் பஸ் குறுக்கே நின்றால்
வாயில் வருகிற வார்த்தை இப்போது வருவதில்லை.
பச்சை அம்புகள் சக்கரத்திலிருந்து
பேட்டரிக்குத் திரும்பி ஓடுவதைத் திரையில் பார்க்கிறேன்.
செக்காலை ரோட்டு வேகத்தடை ஒவ்வொன்றும்
உண்டியலில் சில்லறை போடுகிறது.
ஐம்பத்து மூன்று வயதில்
காலை மெதுவாக எடுக்கப் படித்திருக்கிறேன்.
பின்னால் வருகிற ஆட்டோக்காரருக்கு
அதில் ஒரு மதிப்பும் இல்லை.

தேவகோட்டை ரோட்டில் எண்பதைத் தொட்டால்
எஞ்சின் எழுந்து தொண்டையைச் செருமும்.
ஊருக்குள் திரும்பியதும்
சம்பந்தி வீட்டுக்குள் நுழைந்தவன் மாதிரி அடங்கிவிடும்.
செஞ்சையில் நடுரோட்டில் படுத்திருந்த நாய்
டயர் மூக்குக்கு வந்தும் எழவில்லை.
இறங்கிப் போய் எழுப்பினேன்.
கணக்கில் நாயை எழுதவில்லை.
சர்வீஸுக்கு மதுரை போய் வருகிற
நூற்றெண்பது கிலோமீட்டரையும்தான்.

போன வியாழன்
கானாடுகாத்தானில் ஹோட்டலாகிற ஒரு வீட்டுக்கு
வார்னிஷ் கொடுத்த பாக்கியை வசூலித்து
பத்து மணிக்கு வந்து சேர்ந்தேன்.
தெருவில் கரண்ட் இல்லை.
என் வண்டியில் மட்டும் இருந்தது.
பணத்தை எண்ணிவிட்டு இறங்கலாம் என்று
ஏசியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.
மாடி அடுப்படியில் உமையாள் குரல்,
ஓசூரில் இருக்கும் மகளோடு.
கண்ணாடியை இறக்கினேன்.

“ஒங்க அப்பச்சி வர்றதே தெரிய மாட்டேங்குது சிகப்பி.
அந்த டீசல் வண்டி
கழனிவாசல் திரும்புறப்பவே கேக்கும்.
கல்லைத் தூக்கி அடுப்புல போடுவேன்.
அவுக செருப்பைக் கழட்டுறதுக்கும்
மொதத் தோசைக்கும் சரியா இருக்கும்.
இப்ப ஒம்பது மணிக்குப் போட்ட கல்லு.
அணைக்கிறேன், பத்த வைக்கிறேன், அணைக்கிறேன்.
இல்லடி, சொல்லல. என்னத்தச் சொல்ல.
அம்புட்டுக் கணக்குப் பாத்து வாங்குன வண்டி.”

கண்ணாடியை ஏற்றவும் முடியவில்லை,
கதவைத் திறக்கவும் முடியவில்லை.
டீசல் வண்டியின் பதினோரு வருஷமும்
தோசை தானாகச் சூடாக இருந்தது
என்றல்லவா நினைத்திருந்தேன்.
மடியில் ஐந்நூறு ரூபாய்க் கட்டு.
எத்தனை எண்ணினேன் என்பது விட்டுப்போயிருந்தது.
திரையில் பேட்டரிக் கட்டங்கள் இறங்கிக்கொண்டிருந்தன.
மூன்று.
இரண்டு.
அப்போது, நின்ற இடத்திலேயே,
நான் எதையும் தொடாமல்,
எஞ்சின் எழுந்து உறுமியது.

மேலே பேச்சு நின்றது.
“வச்சிடுறேன்டி.”
பிறகு
கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம்.