இருபத்தைந்து கிராம்

கால் டன் தீவனத்துக்கு இருபத்தைந்து கிராம்.
அதற்கென்றே ஒரு நகைக்கடைத் தராசு வாங்கினேன்,
தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்.
"என்னம்மா, தங்கமா?" என்றான் கடைக்காரன்.
கோழிக்கு என்றேன்.
சிரித்தபடியே பில் போட்டான்.

மக்காச்சோளம், சோயா, உடைத்த கம்பு, கிளிஞ்சல்
எல்லாம் மூட்டையில் வரும், முதுகில் ஏறும்,
தும்மல் தரும்.
இது மட்டும் வெள்ளி நிற உறையில்,
கல்யாண மொய்க்கவர் கனத்தில்.

நாமக்கல்லிலிருந்து வந்த விற்பனைப் பையன்
டீ ஆறும்வரை விளக்கினான்.
தானியத்துக்குள் பாஸ்பரஸ் பூட்டிக் கிடக்கிறதாம்.
கோழிக் குடலில் அதற்குச் சாவி இல்லையாம்.
காசு கொடுத்து வாங்கியது
அப்படியே எச்சத்தில் விழுகிறதாம்.
இந்த நொதி திறந்துவிடும்,
டிசிபியைக் குறைத்துக்கொள்ளலாம்,
டன்னுக்கு இவ்வளவு மிச்சம் என்று
உள்ளங்கையில் பேனாவால் எழுதிக் காட்டினான்.

மிச்சம் என்ற சொல்லுக்கு
இண்டூர்ப் பக்கம் காது நீளம்.
குறைத்தேன்.

மாசி முழுக்க முட்டை கூழாங்கல் மாதிரி இருந்தது.
பிறகு வெயில் வந்தது.
பதினொரு மணிக்கே கொட்டகைத் தகரம் தோசைக்கல்.
குழாயில் ஈரச்சாக்கு சுற்றினோம்,
கூரைமேல் தென்னங்கீற்று பரப்பினோம்,
வாய் பிளந்து நின்ற கோழிகளுக்கு
மோர்கூடக் கொடுத்தோம்.
உறை ஜன்னலோர ஆணியில் தொங்கியது.
அதற்கும் சுடும் என்று யாருக்குத் தெரியும்?

முதலில் தட்டுக்கு ஒன்றிரண்டு விரிசல்.
அப்புறம் எடுக்கும்போதே
அப்பளம் போல் விரல் உள்ளே போனது.
அன்சர் பாய் முப்பது தட்டைத் திருப்பி இறக்கினார்.
ஒன்றும் பேசவில்லை,
கயிற்றை மட்டும் கொஞ்சம் வேகமாக அவிழ்த்தார்.

வெயில் என்றேன். வயசான கோழி என்றேன்.
கோழி வாங்கின இடத்தைத் திட்டினேன்.
எரு அள்ளும் தீர்த்தகிரிதான்,
குந்த முடியாமல் நின்றபடியே சொன்னார்:
"நாலாவது வரிசையில பாரும்மா.
எல்லாம் என்னாட்டம் நிக்குது."

பார்த்தேன்.
முதலில் கோழிகளை.
பிறகு, பன்னிரண்டு வருஷமாக
எதிரே நின்றும் பார்க்காத அவர் முட்டிகளை.
வெளிப்பக்கமாக வளைந்து,
நடுவில் ஒரு கோழி நுழைந்து போகும் இடைவெளி.
என் வயசுதான் அவருக்கு.
போர்த் தண்ணி குடித்து வளர்ந்த ஊர்,
பல்லில் துருவும் எலும்பில் கல்லும் ஏறிய ஊர்.
இப்போது ஒகேனக்கல் தண்ணி குழாயில் வருகிறது,
நாள் விட்டு நாள்.
அதற்கு முன்பே அவர் கால் முடிவெடுத்துவிட்டது.

கால்நடை டாக்டரம்மா உறையைத் தொட்டுப் பார்த்தார்.
"லேப்ல கொடுத்தாத்தான் உறுதியாச் சொல்லணும்.
ஆனா இது செத்துப் போச்சு."
மோந்து பார்த்தேன்.
நாற்றமில்லை, புழுவில்லை, கட்டிகூடப் பிடிக்கவில்லை.
தராசில் வைத்தால் இருபத்தைந்து
இருபத்தைந்தாகவே நின்றது.
இரண்டு மாதமாய் ஒரு பிணத்தைத்தான்
பொட்டுத் தூள் பிசகாமல் அளந்து போட்டிருக்கிறேன்.

இப்போது புது உறை வீட்டு ஃபிரிட்ஜில்,
இட்லி மாவுக்கும் மல்லித்தழைக்கும் நடுவே.
வீட்டுக்காரர் ஒருநாள் சுக்குப்பொடி என்று
பாலில் கலக்கப் போனார்.
டிசிபியை ஆடி வரைக்கும் பழைய அளவுக்கே ஏற்றிவிட்டேன்.
உள்ளங்கைக் கணக்கு வியர்வையில் அழிந்தது.
விரிசல் குறைந்தது.
நாலாவது வரிசையில் மூன்று மட்டும் எழவேயில்லை.

நேற்று நான் அளக்கும்போது
தீர்த்தகிரி கதவோரம் வந்து நின்றார்.
"இது மனுசனுக்குக் கேக்காதாம்மா?"
கேட்காது என்றேன்.
"செரி" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.
தட்டில் எதுவும் இல்லை.
தராசு பூஜ்யத்துக்கு வரக்
கொஞ்ச நேரம் பிடித்தது.