மூன்று பேருக்கு ஒரு கதிரை

சட்டத்தில் இருக்கிறது.
நான்தான் முதலாளிக்கு வாசித்துச் சொன்னேன்:
கடையில் நிற்கும் பெண்களுக்கு
மூன்று பேருக்கு ஒரு கதிரை.
எங்களிடம் பதினான்கு பேர்.
வகுத்தால் நாலரைக்கு மேல், நாலே முக்காலுக்குக் கீழே.
"அப்ப நாலு போதும்தானே" என்றார்.
ஐந்து என்றேன்.
அரைகுறைக் கதிரை கொழும்பில் எங்கும் விற்பதில்லை.

ஆமர் வீதியில் வாங்கினோம், சிவப்பு பிளாஸ்டிக்.
பொலித்தீன் உறையைப் பிரிக்காமலே
மேல்மாடி ஸ்டோரில் ஏற்றிவைத்தோம்,
போன தீபாவளி பனர்களுக்குப் பக்கத்தில்.
பில்லைக் கோப்பில் குத்தினேன்.
சொத்துப் பதிவேட்டில் ஐந்துக்கும் இலக்கமிட்டேன்.
இருக்குமிடம்: மேல்மாடி.

என் வேலை சுத்தம். யாரும் குறை சொல்ல ஏலாது.
நியமனக் கடிதம் எல்லோருக்கும் உண்டு.
சேமலாப நிதி மாதம் தவறாமல் போகும்,
அவர்களின் எட்டு, எங்களின் பன்னிரண்டு.
போயாவுக்குத் திறந்தால் அதற்கு வேறு கணக்கு.
லீவுப் புத்தகத்தில் ஒரு வெட்டுக்கொத்து இல்லை.
வெள்ளவத்தையில் காலி வீதி நெடுக
இத்தனை புடவைக் கடை;
எத்தனை பேரிடம் இப்படியொரு அலுமாரி இருக்கும்?
ஆனால் அந்த அலுமாரிக்குள்
கால் என்றொரு கோப்பு இல்லை.

கமலேஸ்வரி பொகவந்தலாவைப் பக்கம்.
கடற்கரை ரயில் போகும் சத்தம் கேட்டால்
வலக்காலிலிருந்து இடக்காலுக்கு மாறுவாள்.
அடுத்த ரயிலுக்குத் திரும்ப வலது.
நிஸ்மியா கவுன்டரில் இடுப்பைச் சாய்ப்பாள்,
மனேஜர் இருமினால் நிமிர்வாள்.

செவ்வாய்க்கிழமை தொழில் அலுவலர் வந்தார்.
அபேகோன். நனைந்த குடை.
பிளேன்டீ வேண்டாம் என்றவர் பிறகு குடித்தார்.
கோப்புகளைப் புரட்டினார்;
கேட்ட தாளெல்லாம் கேட்ட இடத்தில் இருந்தது.
எனக்குப் பெருமை, மறைப்பானேன்.
எழும்பும்போது சிங்களத்தில் மெல்லக் கேட்டார்:
கதிரைகள் எங்கே?

ஐந்தும் இறங்கி வந்தன,
பொடியன்கள் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு,
சாமி வீதியுலா மாதிரி.
எண்ணினார். சரி போட்டார்.
குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

"மேல ஏத்துங்கோ," மனேஜர் சொன்னார்.
"சனம் வரேக்க பெட்டையள் குந்தியிருந்தா
கடை மாதிரியே இருக்கும்?"
நாலு கதிரை ஏறின.
ஐந்தாவதில் கமலேஸ்வரி இருந்தாள்.

சண்டை ஒன்றும் இல்லை.
எழும்பவில்லை, அவ்வளவுதான்.
பொலித்தீன் அவளுக்குக் கீழே சரசரத்தது.
ஒரு அம்மா கலியாணக் கூறை கேட்டு வந்தா.
இருந்தபடியே மடியில் விரித்துக் காட்டினாள்.
முந்தானை முழங்காலைத் தாண்டி நிலம்வரை வழிந்தது.
அந்த அம்மா பத்து நிமிடம் பார்த்து,
நிறம் பிடிக்கவில்லையென்று போனா.
கதிரையால்தான் போனா என்றார் மனேஜர்.

விளக்கம் கேட்டு ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார்.
அடித்தேன். திகதி. பெயர். ஊழியர் இலக்கம்.
குற்றம் என்ற இடத்தில்
கர்சர் துடித்துக்கொண்டு நின்றது.
"தங்களுக்கென வாங்கப்பட்ட கதிரையில்
தாங்கள் அமர்ந்திருந்தமை."
வாசித்தேன். அழித்தேன். திரும்ப அடித்தேன்.
இவ்வளவும் யோசித்தது
சில்லு வைத்த, முதுகு சாய்கிற,
ஏசிக்குக் கீழே இருக்கும் என் கதிரையில்.

கடிதம் இன்னும் வரைவுதான்.
கேட்கும்போதெல்லாம்
சட்டத்தரணி பார்க்கிறார் என்கிறேன். பொய்.
செய்தது ஒன்றே ஒன்று:
சொத்துப் பதிவேட்டில், ஐந்தாம் இலக்கத்துக்கு நேரே
மேல்மாடியை வெட்டி
கீழ்த்தளம் என்று எழுதினேன்.
பக்கத்தில் சின்னதாய்க் கையெழுத்து.
வெட்டினால் வைக்கத்தான் வேண்டும், அது விதி.

மற்ற நாலுக்கும் இன்னும் என் பேனா போகவில்லை.
மேலே, பனர்களுக்குப் பக்கத்தில்,
ஒன்றுக்குள் ஒன்றாய்
நிற்கின்றன.