பெட்டி எண் நான்கு

பெயர்ச்சீட்டு எழுதும் வேலை எனக்கு.
செம்பனை ஆலையில் லோரி எடை குறிக்கும் கை,
எழுத்து கோணாது என்று
குழுவில் யாரோ சொல்லிவிட்டார்கள்.

ஒன்பதாங்கட்டை, கில்மோர் தோட்டத் தமிழ்ப்பள்ளி.
ஓர் அறை. ஆறு வகுப்பு.
மூன்று சுவரில் மூன்று கரும்பலகை,
நாலாவதில் கதவு.
யார் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தார்கள் என்பது
சிமெந்துத் தரையில்
பெஞ்சுக் கால்கள் தேய்த்த குழிகளுக்குத் தெரியும்.

ரொஸ்லான் கூரையை மாற்றித் தந்தார்.
பழைய தகரத்தில் ஒன்றை மட்டும்
வைத்துக்கொள்ளச் சொன்னோம்.
ஓட்டைக்கும் கண்காட்சியா என்று சிரித்தவர்
மறுநாள் அவரே
துரு உதிராமல் அதற்கு வார்னிஷ் அடித்தார்.

எழுதிக்கொண்டே போனேன்.
பெட்டி ஒன்று: மணி. தண்டவாளத் துண்டு, அடிக்க ஒரு போல்ட்.
பெட்டி இரண்டு: பால்டின். உள்ளே சுண்ணக்கட்டி, பதினொன்று.
பெட்டி மூன்று: துரை வந்தால் போடும் நாற்காலி.
துரை வந்ததாகத் தகவல் இல்லை.
பெட்டி நான்கு: சேர்க்கைப் பதிவேடு.
கறையான் தின்றது போக மீதி.

அழகான பக்கமாகத் திறந்து வை என்றார்
செயலாளர் சவரிமுத்து.
புரட்டினேன்.
கடைசிக் கட்டத்தின் தலைப்பு, விலகிய காரணம்.
கித்தா வெட்டப் போனாள்.
தம்பியைப் பார்த்துக்கொள்ள.
தோட்டம் மாறியது.
தோட்டம் மாறியது.
சுரம்.
தோட்டம் மாறியது.
மசி கொட்டாத பக்கம் நாற்பத்தொன்று.
அதையே திறந்து வைத்து
கண்ணாடியை மூடினோம்.

திறப்பு விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது
பொன்னுருவி வந்தார்.
பட்டணத்து மீன்தலைக் கடையில் தட்டு கழுவுகிறவர்.
யாரும் சொல்லாமலே செருப்பை வாசலில் விட்டார்.
மணியைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்க்கவில்லை.
நான்காம் பெட்டியில் அவர் மூச்சு
வட்டமாய்ப் படிந்தது.

"பக்கத்தத் திருப்ப முடியுமா தம்பி?"

கையில் சிவப்பு அடையாள அட்டை.
பிறந்தது இங்கேதான், ஐந்தாவது லயம்.
பிறந்ததற்குக் கடிதாசு கிடையாது.
பதிவு இலாகா கவுண்டரில்
நாலு வருஷம், நாலு முகம்,
ஒரே கேள்வி.

சாவி சவரிமுத்துவிடம்.
போனில் முதலில் கையுறை பற்றிப் பேசினார்,
ஏட்டின் முதுகு விட்டுப்போகும் என்றார்.
பிறகு எதுவும் பேசவில்லை.
பிறகு அவர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

பக்கம் ஐம்பத்தேழு.
பொன்னுருவி, தகப்பன் பெயர் ஒச்சப்பன்.
பிறந்த தேதி 3.11.1959.
பிறந்த இடம்: இத்தோட்டம்.
அவர் விரல் தன் பெயரைத் தாண்டிப் போய்
இத்தோட்டம் என்ற சொல்லில் நின்றது.
எடுக்கவே இல்லை.

விலகிய காரணத்தில் ஒரு கோடு மட்டும்.
கேட்டேன்.
"அன்னிக்குச் சட்ட காயல."
அடுத்த நாள்?
அதற்கு அவர் ரொஸ்லானின் தகரத்தைப் பார்த்தார்,
பதில் அதில் எழுதியிருப்பதுபோல.

நகல் செல்லாதாம். அசல் வேண்டுமாம்.
குழு இரவு பதினொன்றரை வரை கூடியது.
பொருட்காட்சிப் பொருளை வெளியே கொடுப்பதா
என்று ஒருவர் மேசையைத் தட்டினார்.
தட்டிய கை அவருடையதுதான்
கடைசியில் ஏட்டைத் துணியில் சுற்றியதும்.

விழாவன்று
நான்காம் பெட்டியில் வெல்வெட் மட்டும்,
ஏடு அழுத்திய நீள்சதுரத்தோடு.
மூன்று சீட்டைக் கிழித்துப் போட்டு
நாலாவதில் எழுதினேன்:
"சேர்க்கைப் பதிவேடு.
வேலையாக வெளியே போயிருக்கிறது."

பந்தல் வெயிலிலிருந்து உள்ளே வந்த ஒருவர்
எழுத்துக்கூட்டி வாசித்தார்.
எப்போது திரும்பும் என்றார்.
பொன்னுருவிக்குப் பின்னால் இன்னும் ஏழு பேர்
பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்றேன்.
சட்டைப்பையில் நான் பேனாவைத் துழாவுவதற்குள்
அவர்
தன் தகப்பன் பெயரைச் சொல்லத் தொடங்கியிருந்தார்.